பழகுதல் முடிந்துபோன கதையன்று: தாராவியின் நாயும் மாட்டுங்காவின் பூனையும்

நாய் நன்றியுள்ளது, பூனை நன்றி கெட்டது என்பது தமிழ்ப் பேச்சு வழக்கு எக்காலத்திலோ எழுதி முத்திரையிட்ட தீர்ப்பு. அதன் அடியில் ஓர் எண்ணம் உறைந்திருக்கிறது: விலங்கின் குணம் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது, மனிதரால் செய்யக்கூடியது அதைப் போற்றுவதோ விரட்டுவதோ மட்டுமே. மும்பையில் தெருநாய்களைப் பற்றி இன்று நடக்கும் வாக்குவாதமும் இதே எண்ணத்தின் மீதுதான் நிற்கிறது. தெருநாய் இயல்பிலேயே அன்பானது என்கிறது ஒரு தரப்பு. இயல்பிலேயே ஆபத்தானது என்கிறது மற்றொரு தரப்பு. இரு தரப்பும் 'இயல்பு' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

விலங்கு நடத்தை குறித்த ஆய்வுகள் இவ்விரு தரப்புக்கும் வசதியாக இல்லை. காட்டு விலங்கு மனிதரை அண்டி வாழ்ந்து, தலைமுறைகள் கடந்து, வளர்ப்பினமாக மாறும்போது அதன் உடல் மட்டும் மாறுவதில்லை. பிறரது முகம், கை, குரல் ஆகியவற்றிலிருந்து பொருள் கொள்ளும் சமூக அறிதிறனும் மாறுகிறது. ஆனால் அந்த மாற்றம் மரபணுவில் எழுதி மூடப்பட்ட ஏடாக இருப்பதில்லை. ஒவ்வொரு ஈற்றிலும், கண் திறந்த முதல் சில வாரங்களில், அந்த ஏடு மீண்டும் எழுதப்படவேண்டியிருக்கிறது. அதை எழுதும் கை யாருடையது என்பதே தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் முன்னுள்ள கேள்வி.

முதலில் மரபின் பங்கு. 2002-இல் பிரையன் ஹேரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இரண்டு கிண்ணங்களில் ஒன்றில் மட்டும் உணவு மறைத்து வைக்கப்படும். ஆய்வாளர் சரியான கிண்ணத்தை நோக்கிக் கை காட்டுவார். மனிதருக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சியைவிடவும், தன் சொந்த முன்னோரின் வழிவந்த ஓநாயைவிடவும் நாய் அந்தக் கையின் பொருளை எளிதில் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஹங்கேரியில் ஆதாம் மிக்லோஷியின் குழு இன்னொரு வேறுபாட்டைக் காட்டியது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்க்கும் நாய்க்கும் தீர்க்க முடியாத ஒரு புதிர் தரப்பட்டது. ஓநாய் விடாமல் புதிரோடு போராடியது. நாய் சற்று முயன்றபின் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தது. ஓநாய்க்கு இல்லாத அந்தத் திரும்பிப் பார்த்தலில்தான் நாய்க்கும் மனிதருக்கும் இடையிலான உரையாடல் தொடங்குகிறது.

இது தேர்வினால் வரக்கூடியது என்பதற்குச் சைபீரியாவிலிருந்து சான்று வந்தது. 1959-இல் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கி, பின்னர் லுத்மிலா துரூத் பல்லாண்டுகள் தொடர்ந்த சோதனையில், மனிதரைக் கண்டு அஞ்சாத நரிகள் மட்டுமே தலைமுறைதோறும் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. வேறு எந்தக் குணமும் கணக்கில் கொள்ளப்படவில்லை. சில பத்தாண்டுகளில் அந்த நரிகள் வாலாட்டின. சிலவற்றின் காது மடங்கியது. தோலில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. 2005-இல் சோதித்தபோது அந்த நரிக்குட்டிகள் மனிதரின் கைச் சைகையை நாய்க்குட்டிகளுக்கு இணையாகப் புரிந்துகொண்டன. அறிவுக்காக எவரும் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. அச்சம் விலகியபோது அறிதல் உள்ளே வந்தது.

அப்படியானால் எல்லாம் பிறவியிலேயே முடிந்ததா? இல்லை. 2021-இல் 8 வார வயதுள்ள 375 குட்டிகளை வைத்து எமிலி பிரேயின் குழு செய்த ஆய்வில், கைச் சைகையைப் பின்பற்றும் திறனில் குட்டிக்குக் குட்டி காணப்படும் வேறுபாட்டில் 40 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட பங்கே மரபால் விளக்கப்பட்டது. அது பெரிய பங்குதான். ஆனால் மீதமும் பெரியது. மோனிக் உடெலும் அவருடன் பணியாற்றியோரும் காப்பகங்களில் அடைபட்ட நாய்களைச் சோதித்தபோது, வீட்டு நாய்கள் எளிதில் செய்ததை அவை செய்யத் தடுமாறின. இதற்கெல்லாம் முன்பே, 1961-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை கடுமையான எல்லையொன்றைக் காட்டியிருந்தது. 14 வாரம் வரை மனிதரோடு தொடர்பின்றி வளர்ந்த நாய்க்குட்டிகள் அதற்குப்பின் காட்டு விலங்கைப் போலவே மனிதரைக் கண்டு ஒதுங்கின. பல்லாயிரம் ஆண்டு வளர்ப்பின வரலாறு 14 வாரத் தனிமையில் செயலிழந்துபோகிறது.

மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் வளர்ப்பவரின் வீட்டிலோ ஆய்வகத்திலோ காப்பகத்திலோ இருந்த நாய்களைப் பற்றியவை. உலகின் நாய்களில் பெரும்பான்மை அப்படி வாழ்வதில்லை, தெருவில் வாழ்கிறது. இந்த இடைவெளியை நிரப்பியது இந்திய ஆய்வு. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை அவற்றின் தெருவிலேயே ஆராய்ந்து வருகிறது. 2017-இல் அக்குழு கண்டது இது: சின்னஞ்சிறு குட்டிகள் மனிதரின் கை காட்டிய இடத்துக்குத் தயக்கமின்றிச் சென்றன. சற்று வளர்ந்த இளநாய்கள் அந்தக் கையை நம்பவில்லை. முழுதாய் வளர்ந்த நாய்களோ ஆளைப் பார்த்து முடிவெடுத்தன. கை காட்டியவர் நம்பத்தக்கவரா, ஏமாற்றுபவரா என்ற முன் அனுபவத்துக்கேற்ப நடத்தையை மாற்றிக்கொண்டன. 2020-இல் வெளியான இன்னோர் ஆய்வில், தொலைவிலிருந்து நொடிப்பொழுது காட்டி மடக்கிய கையைக்கூட, சோதனையில் பங்கெடுத்த தெருநாய்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாகப் பின்பற்றின. எவரும் அவற்றுக்குப் பயிற்சி தந்ததில்லை. ஆனால் ஆய்வாளர் அணுகிய நாய்களில் ஏறக்குறைய பாதி, அஞ்சிக் கிட்டவே வரவில்லை.

இம்முடிவுகளைச் சேர்த்து வாசித்தால் தெருநாயின் வாழ்க்கை வரலாறே விரிகிறது. குட்டி நம்பிக்கையோடு பிறக்கிறது. தெரு அதற்கு ஐயத்தைக் கற்பிக்கிறது. வளர்ந்த நாய், எந்த மனிதரிடம் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்ற கணக்கோடு வாழ்கிறது. "கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்ற பழமொழிக்கு ஆயிரம் தத்துவ விளக்கங்கள் உண்டு. நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் பொருள் எளியது: கல் எடுக்கும் கைக்கும் சோறு போடும் கைக்கும் உள்ள வேறுபாட்டை, அந்தக் கை அசையுமுன் அறியவேண்டும்.

அதே குழு 2016-இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு இன்னும் கனமானது. தெருவில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில், இனப்பெருக்க வயதை எட்டும்வரை பிழைத்தவை 19 விழுக்காடு மட்டுமே. நேர்ந்த இறப்புகளில் 63 விழுக்காட்டில் மனிதரின் கை இருந்தது: வாகனம், நஞ்சு, அடி, தாயிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்லல். சைபீரியாவில் எந்த நரி அடுத்த தலைமுறைக்குச் செல்லலாம் என்பதை அறிவியலாளர் திட்டமிட்டு முடிவு செய்தனர். இந்திய நகரங்களில் எந்த நாய் செல்லலாம் என்பதைப் போக்குவரத்தும் கோபமும் இரக்கமும் திட்டமின்றி முடிவு செய்கின்றன. வளர்ப்பினமாதல் என்னும் சோதனை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது; சோதனைச் சாலைக்குப் பொறுப்பாளர்தான் இல்லை.

இனிப் பூனை. நாயை மனிதர் பழக்கினர், பூனை தானாக வந்தது என்று சொல்வது ஓரளவுக்கு உண்மை. 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனை வழிவந்தவை என்று காட்டியது. தானியக் களஞ்சியத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரசில் 9,500 ஆண்டுக்கு முந்தைய மனிதக் கல்லறையொன்றின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. ஓநாய் கூட்டமாய் வேட்டையாடும் உயிர். பிறர் முகத்தைப் பார்த்து வாழ்வது அதன் பிழைப்பு. பூனையின் முன்னோரோ தனித்து வேட்டையாடியவர். 2005-இல் மிக்லோஷியின் குழு பூனைகளையும் சோதித்தது. மனிதர் கை காட்டிய திசையைப் பூனையும் நாய்க்கு ஏறத்தாழ இணையாகவே பின்பற்றியது. தீர்க்க முடியாத புதிரின் முன் மட்டும் அது நாயைப் போல மனிதரின் முகத்தை அடிக்கடி திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் புரியாமல் இல்லை. உதவி கேட்பது அதன் மரபில் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைத்தான் தமிழ் 'நன்றிகேடு' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறது.

ஜப்பானில் அத்சுகோ சைதோவின் குழு, பூனை தன் பெயரை அதே நீளமுள்ள வேறு சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்று 2019-இல் நிறுவியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், சோதித்த பூனைக்குட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வளர்ப்பவர் திரும்பி வந்ததும் குழந்தைகளைப் போலவே அமைதியடைந்தன. வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அரிது. அந்த ஒலி பெரும்பாலும் மனிதருக்காகவே எழுப்பப்படுகிறது. தனித்து வாழ்ந்த ஒரு விலங்கு மனிதரோடு பேச ஒரு குரலை ஒதுக்கி வைத்திருப்பதை நன்றிகேடு என்று எவ்வாறு சொல்வது? பூனைக்குட்டிக்கும் காலக்கெடு உண்டு. அது நாயினுடையதைவிடக் குறுகியது. ஏறத்தாழ இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரத்துக்குள் மனிதக் கையை அறியாத குட்டி, பின்னர் எளிதில் பழகுவதில்லை.

தமிழ் மரபு எப்போதும் இப்படித் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்ததாகவும் சொல்ல முடியாது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்கையில் நாயைப் பன்றி, புலி, முயலோடு ஒரே வரிசையில் வைத்துக் 'குருளை' என்கிறது. வெருகு என்னும் பூனையைக் கீரி, எலி, அணிலோடு வைத்துக் 'குட்டி' என்கிறது. நன்றியோ துரோகமோ அங்கு அளவுகோலாக இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கள்வரை எதிர்த்து நின்ற நாயைக் 'கோவிவன்' என்ற அதன் பெயரோடு நினைவுகூர்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஒரு நாய்க்குத் தனிப்பெயர் இருந்தது.

பின்னர் வந்த ஒரு பெயர் வேறு வகையானது. தெருநாயைக் குறிக்கக் காலனிய ஆங்கிலம் 'பரையா நாய்' என்ற தொடரை உருவாக்கியது. பறையர் என்ற தமிழ்ச் சாதிப் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் திரித்து, பின்பு அதை நாயின் மேல் ஒட்டியது. ஒரு மக்கள் கூட்டத்தின் மீதான இழிவும் ஒரு விலங்கின் மீதான இழிவும் ஒரே சொல்லில் கட்டப்பட்டன. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களுக்கு இச்சொல்லின் எடை விளக்கத் தேவையில்லை. இந்திய ஆய்வாளர்கள் இன்று 'தன்னிச்சையாகத் திரியும் நாய்' என்றே எழுதுகின்றனர். 2023-இன் விலங்குக் கருத்தடை விதிகள் 'சமூக விலங்கு' என்ற சொல்லுக்கு மாறியுள்ளன. சொல் மாறினால் எல்லாம் மாறிவிடாது. எனினும் யாருக்கும் உரியதல்லாத உயிர் என்ற நிலையிலிருந்து, ஒரு சமூகத்துக்கு உரிய உயிர் என்ற நிலைக்கு அது ஓர் அடி.

மும்பையின் மூன்று தமிழ்ப் பகுதிகளையும் இந்தப் பின்னணியில் பார்க்கலாம். தாராவியின் சந்தில் ஈன்ற குட்டியைச் சுற்றி விடியல் முதல் நள்ளிரவு வரை மனிதர் நடமாடுகின்றனர். கோலியின் வாசற்படிக்கும் அதன் படுக்கைக்கும் இடையே இரண்டடி தூரம். அது தமிழ், மராத்தி, இந்தி மூன்றையும் கேட்டு வளர்கிறது. 'தோ தோ' என்றால் வா என்றும் 'ஹாட்' என்றால் விலகு என்றும் பழகிக்கொள்கிறது. ஹங்கேரியில் 18 நாய்களுக்கு ஒரே கதையை ஸ்பானியத்திலும் ஹங்கேரியத்திலும் ஒலிக்கச் செய்து மூளைப் படம் எடுத்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு, பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாயின் மூளை பிரித்தறிகிறது என்றும், வயது கூடக்கூட அந்தப் பிரித்தறிதல் கூர்மையாகிறது என்றும் காட்டியது. தெருவின் பன்மொழி, நாய்க்கு வெறும் இரைச்சலாக இருக்க வாய்ப்பில்லை.

மாட்டுங்காவின் பழைய மாடிக் கட்டடங்களில், வாட்ச்மேனின் நாற்காலிக்கடியிலும் சந்தையின் கூடைகளுக்கிடையிலும் பூனைகள் வளர்கின்றன. அவற்றின் சமூகம் சிறியது, முகங்கள் நிலையானவை. செம்பூரில் மதிலெழுப்பிய சொசைட்டிகள் பெருகுகின்றன. உள்ளே கயிற்றில் நடக்கும் வீட்டு நாய்; வெளியே வாயிற்கதவருகில் விரட்டப்படும் தெருநாய். மதிலுக்கு வெளியே பிறக்கும் குட்டி தன் முதல் 12 வாரங்களில் அறியும் மனிதக் கை பெரும்பாலும் தடி பிடித்த கையாக இருந்தால், ஓராண்டு கழித்து அந்த நாய் பள்ளிக் குழந்தையின் ஓட்டத்தை எப்படிப் பொருள்கொள்ளும்?

இங்கேதான் சட்டம் நுழைகிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தில்லித் தலைநகரப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் விலக்கு. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, மீண்டும் அங்கே விடக்கூடாது என்ற உத்தரவு வந்தது. மும்பைக்கு இவ்வழக்காடல் புதிதன்று. 1832 ஜூனில் தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துப் பார்சிகள் முன்னின்று நடத்திய கிளர்ச்சியில் பம்பாய்க் கோட்டைப் பகுதியின் கடைகள் மூடப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது.

நீதிமன்றத்தின் கவலை பொய்யன்று. உலகின் வெறிநோய் இறப்புகளில் ஏறத்தாழ 36 விழுக்காடு இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடிபடுவோரில் காரில் செல்வோர் அரிதாகவே இருப்பர்; விடியுமுன் தெரு கூட்டும் தொழிலாளியும், நடந்து பள்ளி செல்லும் குழந்தையும்தான் கடிபடுகின்றனர். நாய்களின் பக்கம் பேசுவோர் இதைச் சொல்லத் தயங்கினால் அவர்களது பேச்சுக்கு மதிப்பில்லை. கருத்தடை செய்யாமல் உணவு மட்டும் போடுவதும் இரக்கமாகாது. அடுத்த ஈற்றில் 81 விழுக்காட்டுக் குட்டிகள் சாவதற்கான ஏற்பாடு அது.

ஆயினும் 'ஆக்ரோஷமான நாய்' என்ற சொல்லின் மீது முழுச் சட்டமும் சாய்ந்து நிற்பது ஆபத்து. அச்சமும் ஆக்ரோஷமும் நாயின் நிலையான குணங்களாக எழுதப்படும்போது, அவற்றை உண்டாக்கிய சூழல் கணக்கிலிருந்து மறைகிறது. தன் தெருவை அறிந்த, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற வளர்ந்த நாய், யார் எப்படிப்பட்டவர் என்ற கணக்கைப் பல்லாண்டுகள் செலவிட்டுச் சேர்த்திருக்கிறது. அதைப் பிடித்து அப்பால் கொண்டுபோனால் அந்தக் கணக்கு அழிகிறது. காலியான தெருவுக்குப் புதிய நாய் வருகிறது, கணக்கு ஏதுமின்றி. எண்ணிக்கை அதேதான், அறிமுகம் மட்டும் இல்லை.

தாராவிக்கு இது வெறும் வாதமன்று. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிறுவக்கூடியோருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. பின்னால் வந்தோரும் மேல்தளத்தில் வாழ்வோரும் வேறிடம் செல்லவேண்டும். அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் செம்பூரை அடுத்த தேவனார் குப்பைமேட்டு நிலமும் ஒன்று. குப்பைமேட்டில் நாய்க்கு உணவு மனிதக் கையிலிருந்து வருவதில்லை, லாரியிலிருந்து கொட்டப்படுகிறது. அங்கே குப்பை பொறுக்கி வாழ்வோரைத் தவிர வேறு முகங்களை அந்த நாய்கள் அறிய வாய்ப்புக் குறைவு. அதாவது, தம் சந்தின் நாய்களுக்கு நன்கு அறிமுகமான மக்கள், தம்மை அறியாத நாய்களின் நடுவே குடியமர்த்தப்படுவர். அவர்கள் விட்டுச்சென்ற நாய்கள், இடிபாடுகளுக்கிடையே கட்டுமானத் தொழிலாளரை முதன்முறையாகச் சந்திக்கும். இரு முனைகளிலும் கடிபடப்போவது ஏழைக் குழந்தைகள்தாம். அப்போது பழி 'இயல்பு' என்ற சொல்லின் மேல் விழும்.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. வீடுகளைக் கணக்கெடுக்கும்போதே அந்தந்தச் சந்தின் நாய்களையும் பூனைகளையும் கணக்கெடுத்து, இடிப்பு தொடங்குமுன் கருத்தடையும் தடுப்பூசியும் முடிக்கவேண்டும். குடிபெயரும் இடத்திலும் அதே பணி, மக்கள் செல்லுமுன் முடிந்திருக்கவேண்டும். உணவிடும் இடமும் நேரமும் நிலையாக இருக்கவேண்டும்; வெறிநோய் கண்டதும் மீண்டும் மீண்டும் கடிப்பதும் தயங்காமல் விலக்கப்படவேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளில் நாயின் காதும் வாலும் உடலும் என்ன சொல்கின்றன என்பதைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஒரு மணி நேரம் போதும். நாய் மனிதரின் கையை வாசிக்கப் பல்லாயிரம் ஆண்டு எடுத்துக்கொண்டது. நாயின் உடலை வாசிக்க மனிதர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வது மிகையான கோரிக்கை ஆகாது.

பத்ராவின் குழு 2017-இல் இன்னொன்றையும் கண்டது. அறிமுகமில்லாத மனிதர் பலமுறை உணவு தந்தபோது ஏற்பட்ட நம்பிக்கையைவிட, பலமுறை தலையைத் தடவியபோது தெருநாய்களிடம் ஏற்பட்ட நம்பிக்கை உறுதியாக இருந்தது. நன்றி என்று தமிழ் பெயரிட்டது சோற்றுக்கான கைம்மாறு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அது பழகிய கையின் விளைவு என்றால், அதை உண்டாக்குவதும் குலைப்பதும் நகரத்தின் பொறுப்பு.